டாய்லெட் அடைத்துக்கொண்டால் ஆசிட் போதுமா, பிளம்பரைக் கூப்பிட வேண்டுமா?

கேள்வி: 7 அக்டோபர் 2023, இரவு 8.10

வாடகை வீடு, தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட். காலையிலிருந்து ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, பத்து நிமிடம் கழித்துத்தான் மெல்ல இறங்குகிறது. ஆசிட் ஒரு பாட்டில் ஊற்றி இரவு முழுக்க விட்டால் சரியாகிவிடும் என்கிறார் வீட்டு உரிமையாளர். நாளை மறுநாள் மாமியார் வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: 7 அக்டோபர், இரவு 8.35

ஆசிட் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் அதை உடனே இங்கே எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஊற்றவில்லை என்றால் முதல் வேலை, இன்னொரு முறை ஃப்ளஷ் பண்ணாமல் இருப்பது. டாங்கிக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை (சுவரோரம் இருக்கும் சின்னத் திருகு குழாய்) மூடிவிடுங்கள். வீட்டில் யாராவது பழக்கத்தில் பொத்தானை அமுக்கினால்கூட ஒரு தடவைக்கு மேல் தண்ணீர் வராது.

அடுத்து, அடைப்பு எங்கே என்று பாருங்கள். எதைக் கொண்டு எடுப்பது என்ற யோசனை அதற்குப் பிறகுதான். குளியலறைத் தரை ஜாலியில் தண்ணீர் வழக்கம்போல் இறங்குகிறதா? வீட்டில் இன்னொரு டாய்லெட் இருந்தால் அது எப்படி இருக்கிறது? மாடியில் இருப்பவர்கள் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் கோப்பையில் குபுக் குபுக் என்று குமிழி வருகிறதா? எல்லாம் ஒழுங்காக இருந்து இது ஒன்று மட்டும் மக்கர் செய்தால், அடைப்பு பெரும்பாலும் கோப்பைக்கு அடியில் உள்ள வளைவிலேயே இருக்கிறது. அதை நீங்களே எடுத்துவிடலாம். மற்றவையும் சேர்ந்து தகராறு செய்தால் அடைப்பு வெளியே இருக்கிறது. அப்போது கோப்பையில் என்ன செய்தாலும் பலன் இல்லை.

வெளியே சேம்பர் மூடி, அதாவது கழிவுக் குழாய் வந்து சேரும் சின்னத் தொட்டியின் மூடி, எங்கே இருக்கிறது தெரியுமா? திறந்து பாருங்கள். உள்ளே காய்ந்து வெறுமையாக இருந்தால் கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில் அடைப்பு. நிரம்பி நின்றால் சேம்பருக்கு அப்பால்.

7 அக்டோபர், இரவு 8.50

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். நான் சொன்னது ஒன்றரை இரண்டு அடி ஆழமுள்ள சின்னச் சேம்பர். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம். எது எது என்று சந்தேகமாக இருந்தால் இரண்டையும் தொடாமல் விடுங்கள். சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கும்போதும் முகத்தை மேலே கொண்டுபோகாமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

8 அக்டோபர், காலை 6.20

சேம்பர் காய்ந்திருக்கிறது, மற்ற ஜாலியெல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. இனி இது உங்கள் கைவேலை.

ஹார்டுவேர்ஸ் கடையில் ரப்பர் பம்ப் கேட்டால் பலரும் சிவப்புக் கிண்ணம் மாதிரி ஒன்றை எடுத்துத் தருவார்கள். அது சிங்குக்கும் தரைக்கும் உரியது. அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் வெஸ்டர்ன் கோப்பையின் ஓட்டையில் பொருந்தி உட்காராது, ஓரத்தில் காற்று ஓடிவிடும். கிண்ணத்துக்குள்ளிருந்து இன்னொரு ரப்பர் வளையம் கழுத்து போல நீட்டிக்கொண்டிருக்கிற பம்பைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கழுத்து ஓட்டைக்குள் இறங்கி உட்கார வேண்டும்.

கோப்பையில் ரப்பர் முழுகும் அளவு தண்ணீர் நிற்கட்டும். அதிகமாக இருந்தால் ஒரு மக்கால் எடுத்து வாளியில் ஊற்றிவிடுங்கள், குறைவாக இருந்தால் சேருங்கள். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொடுக்கும், தண்ணீர் சுருங்காது. உங்கள் கை பலம் அடைப்புவரை போய்ச் சேர்வதற்கு நடுவில் தண்ணீர்தான் இருக்க வேண்டும்.

முதல் அழுத்தல் மெதுவாக. ரப்பருக்குள் இருக்கும் காற்று அப்போது வெளியே வரும், வேகமாக அழுத்தினால் முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு ரப்பரை ஓட்டையிலிருந்து எடுக்காமலே பதினைந்து இருபது தடவை அழுத்தி இழுங்கள். எல்லோரும் அழுத்துவதில்தான் பலத்தைக் காட்டுகிறார்கள். இழுப்பதில் காட்டுங்கள். அடைப்பு வந்த வழியிலேயே கொஞ்சம் பின்வாங்கி உடையும், இன்னும் உள்ளே போய் இறுகாது. கடைசி இழுப்பை வெடுக்கென்று இழுத்து எடுங்கள். திறந்துவிட்டால் தெரியாமல் போகாது. தண்ணீர் ஒரு மடக்கில் விழுங்கியதுபோலச் சத்தத்தோடு இறங்கும்.

இறங்கியதும் பொத்தானை அமுக்க வேண்டாம். அரை வாளித் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே ஊற்றாக ஓட்டையைப் பார்த்து ஊற்றுங்கள். தங்காமல் போனால் இன்னொரு அரை வாளி. அதுவும் போனால் ஆங்கிள் காக்கைத் திறக்கலாம். வாளியால் ஊற்றினால் ஏறுகிறதா என்று பார்த்து நிறுத்திக்கொள்ளலாம், ஃப்ளஷ் டாங்கியை நடுவில் நிறுத்த முடியாது.

8 அக்டோபர், காலை 7.05

இந்தியன் டாய்லெட்டுக்கும் இதே பம்பா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது சரிவர உட்காராது. எங்கள் ஊரில் அம்மா காலத்திலிருந்து செய்வது இது: தரை துடைக்கும் நீளக் குச்சியின் நுனியில் பழைய பருத்தித் துணியை ஓட்டை அளவுக்கு உருண்டையாகச் சுற்றி, மேலே கெட்டியான பாலித்தீன் கவர் போட்டு, சணல் கயிற்றால் இரண்டு மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுவது. அதை ஓட்டையில் வைத்துக் குத்தி இழுத்தால் பம்ப் வேலையைச் செய்யும். கட்டு முக்கியம். கழன்று துணி உள்ளே போய்விட்டால் நீங்களே புதிதாக ஓர் அடைப்பை வைத்தவர் ஆவீர்கள். கட்டிய பிறகு கையால் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

இரும்புக் கம்பி, திரைச்சீலைக் கம்பி, வளைத்த ஹேங்கர் எதுவும் வேண்டாம். பீங்கானில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலில் கறை ஏறி நிரந்தரமாக நிற்கும். அடியில் உள்ள வளைவு விரிசல் விட்டால் டாய்லெட் பேசினையே மாற்ற வேண்டியதுதான்.

8 அக்டோபர், மதியம் 1.15

"ஆசிட் மேல் உங்களுக்கு என்ன இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

2016. எங்கள் தெருவில் சைக்கிளில் ஆசிட், பினாயில் விற்றுக்கொண்டு ஒருவர் வருவார். டாய்லெட் அடைத்துக்கொண்ட அன்று அவரிடம் வாங்கிய பாட்டிலை முழுதாக ஊற்றினேன். புகை வந்தது, மூச்சு முட்டியது, அடைப்பு அப்படியே இருந்தது. மறுநாள் பிளம்பர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பம்பை வைத்து இரண்டாவது அழுத்து அழுத்தினார். தண்ணீர் தெறித்து வலது இமைக்குள் விழுந்தது.

நான் ஆசிட் ஊற்றியதை அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

குழாயடியில் உட்கார வைத்து, கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் தண்ணீர் விட்டோம். பிறகு ஆட்டோவில் கண் மருத்துவரிடம் போனோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கரைந்திருந்ததால் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு வாரம் கண் சிவந்தே இருந்தது, நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நாலு நாள் கூலியைக் கொடுக்கப் போனபோது, "நீ சொல்லியிருந்தா நான் கண்ணாடி போட்டிருப்பேன்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தை எனக்கு அப்படியே கேட்கிறது.

ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். டாய்லெட் கிளீனர் பாட்டில்கள் பலவற்றிலும் நீர்த்த அளவில் இருப்பது அதுதான். உப்புக்கறையைக் கரைக்கும். துணியை, நாப்கினை, பிளாஸ்டிக்கைக் கரைக்காது. டாய்லெட்டை அடைப்பவை இவைதான். கூடவே சிமெண்ட் பூச்சையும் அரிக்கும். ஆசிட் இருக்கிற இடத்தில் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன ஜன்னல் உள்ள குளியலறையில் அது நுரையீரலை நேராகத் தாக்கும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. சிங்கில் தேங்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் முடிக்கும் அது சரி. டாய்லெட் வளைவில் தண்ணீர் போதாமல் கிடந்தால் கல்லாக இறுகிக்கொள்ளும். அதன் மேல் ஆசிட்டையும் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

எதையாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால், வருகிறவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று தயங்க வேண்டாம்.

8 அக்டோபர், மதியம் 1.40

வெந்நீர் பற்றிக் கேட்டவருக்கு: பாத்திரம் கழுவும் திரவம் கால் டம்ளர் ஊற்றி, அரை மணி கழித்துச் சுடுநீர் ஊற்றலாம். மலமும் காகிதமும் மட்டும் கெட்டித்துக் கிடந்தால் இளகிவிடும்.

8 அக்டோபர், மதியம் 2.00

திருத்தம். சுடுநீர் என்று சொன்னது குளிக்கிற சூடு. அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் ஊற்றிவிடாதீர்கள். பீங்கான் பட்டென்று விரிசல் விட்டுவிடும், பிவிசி குழாயும் இளகும்.

11 அக்டோபர், இரவு 9.30

எட்டாம் தேதி திறந்தது, மாமியார் வந்தார், இன்று மறுபடி அடைத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இது எனக்குத் தெரிந்த கதை.

திறந்து, இரண்டு மூன்று நாளில் திரும்பி வருகிற அடைப்பு என்றால் வளைவில் கரையாத பொருள் ஏதோ குறுக்கே நிற்கிறது. தண்ணீர் அதைத் தாண்டிப் போகும், மற்றது அதில் சிக்கிச் சேரும். பம்ப் போட்டால் சேர்ந்தது மட்டும் போகும், பொருள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

என் தங்கை வீட்டில் ஒரு மாதம் இப்படி ஓடியது. நான் அங்கே போய் மூன்று தடவை பம்ப் போட்டேன். கடைசியில் பிளம்பர் வந்து பேசினைக் கழற்றிக் கொல்லையில் சாக்கு விரித்துக் கவிழ்த்தார். ஓட்டையில் டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பார்த்தார். வாசனைக்காக விளிம்பில் மாட்டுகிற நீலக் கட்டி இருக்கிறதல்லவா, அந்தக் கட்டியைத் தாங்கும் பிளாஸ்டிக் கூண்டு. கட்டி கரைந்து முடிந்து, கொக்கி நழுவி, ஃப்ளஷ் தண்ணீரோடு உள்ளே போய்க் குறுக்கே நின்றுவிட்டது. ஒவ்வொரு பம்பும் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறது. எடுத்து வெளியே போட்டார். அதன் பல்லிடுக்கெல்லாம் முடி சுற்றியிருந்தது. திரும்ப வைத்து வெள்ளை சிமெண்ட் பூசியது சேர்த்து 1,200 ரூபாய் வாங்கினார். சிமெண்ட் இறுக ஒரு நாள் உட்காரக் கூடாது என்றார்.

உங்கள் வீட்டில் அந்தக் கூண்டு இன்னும் விளிம்பில் இருக்கிறதா பாருங்கள். பல் துலக்கும் பிரஷ், ஷாம்பு பாக்கெட், சோப்புத் துண்டு, பிள்ளைகளின் பொம்மை, எதைக் காணோம் என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். கேட்கும்போது கோபப்படாதீர்கள். பயந்தால் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள்.

இப்போது பம்பைக் கீழே வைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

12 அக்டோபர், இரவு 10.15

அடைத்தது வெட் வைப்ஸ் (ஈரத் துடைப்புத் துணி)! மாமியார் பேரனுக்குத் துடைத்துவிட்டு உள்ளே போட்டிருக்கிறார், அட்டையில் ஃப்ளஷ் செய்யலாம் என்று போட்டிருந்ததாம். அவரைக் குறை சொல்லாதீர்கள், படித்ததைத்தான் செய்திருக்கிறார். காகிதம் தண்ணீரில் பிரிந்துபோகும், அந்தத் துணி பிரியாது. எட்டாம் தேதிக்கு முன் அடைத்ததற்கும் வேறு யாரோ போட்ட வைப்ஸ்தான் காரணமாக இருக்கும். பிரஷ், பொம்மை என்று கடினமான பொருளையே நான் தேடச் சொன்னது தவறு. கரையாத பொருள் என்பது சரி, அது கெட்டியாக இருக்க வேண்டும் என்றில்லை.

சானிட்டரி நாப்கினும் டயப்பரும் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஜெல் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். அறைக்குள் மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று வையுங்கள். விருந்தாளி வீட்டில் கூடை இல்லாமல் பெண்கள் படும் சங்கடத்தை யாரும் பேசுவதில்லை. பல அடைப்புகள் அந்தச் சங்கடத்தில்தான் தொடங்குகின்றன.

15 அக்டோபர், மாலை 5.45

அந்த வளைவே இல்லாமல் நேராகக் குழாய் வைத்தால் அடைக்காதே என்று ஒருவர் எழுதியிருந்தார். அடைக்காதுதான். ஆனால் வீட்டில் உட்கார முடியாது. வளைவில் எப்போதும் நிற்கிற இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் கதவு. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் வீட்டுக் கோப்பைக்குள் இருப்பதும் அந்த யோசனைதான்.

புழங்காத டாய்லெட்டில் துர்நாற்றம் வந்தால் உடனே அடைப்பு என்று நினைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் காய்ந்திருக்கும். ரெண்டு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மொட்டை மாடியில் வென்ட் பைப் (கழிவுக் குழாயின் காற்றுப்போக்கி) வாயில் கொசுவுக்காக வலை கட்டுகிறோம். நல்ல பழக்கம். வருடத்துக்கு ஒரு முறை அந்த வலையைத் தட்டிவிடுங்கள். தூசி படிந்து காற்று அடைத்தால் கோப்பையில் குபுக் குபுக் சத்தம் வரும், அடைப்பு என்று தேடிக்கொண்டிருப்போம்.

22 அக்டோபர், இரவு 11.00

முந்தாநாள், 20-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தீர்களா? கழிவுநீர்க் குழிகளில் இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. 10 லட்சம் என்று அதே நீதிமன்றம் சொன்னது 2014-இல். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நாம் பேசிக்கொண்டிருக்கும் குழாயின் அடுத்த முனை அந்தக் குழிதான்.

சேம்பர் நிரம்பி நிற்கிறது, டேங்க் நிரம்பிவிட்டது என்றால் அது பிளம்பர் வேலை இல்லை. லாரி வந்து உறிஞ்ச வேண்டிய வேலை. "ஆள் இருக்கு சார், இறங்கி எடுத்துடுவான்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2013-இல் வந்த சட்டத்தின்படி பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்கிச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கூப்பிட்ட வீட்டுக்காரரும் இதில் மாட்டுவார். சட்டத்தை விடுங்கள், அங்கே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. வாசனை இல்லையே என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

செப்டிக் டேங்க் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். சென்னையில் மெட்ரோவாட்டர் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ளவர்கள், தெருவில் அடைப்பு என்று தெரிந்தால் 1916. செப்டிக் டேங்கின் அடியில் சேறு படிந்து தண்ணீருக்கு இடமில்லாமல் போகும் முன், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் போன வருடம் ஒரு லோடு 1,800 ரூபாய் ஆனது.

4 நவம்பர், காலை 10.30

எப்போது பிளம்பர் என்று சுருக்கமாகக் கேட்கிறவர்களுக்கு, என் கணக்கு இது. பம்பை ஒழுங்காக இரண்டு சுற்றுப் போட்டும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுவேன். திறந்து மறுபடி அடைத்தால், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஏறினால், மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டில் வந்தால், உள்ளே என்ன விழுந்தது என்று தெரிந்தால், கூரையில் ஈரம் கசிந்தால் பம்பைத் தொடவே மாட்டேன்.

வருகிறவரிடம், பேசினைக் கழற்றும் முன் ஸ்பிரிங் (குழாய்க்குள் விட்டு அடைப்பை எடுக்கும் நீளச் சுருள் கம்பி) விட்டுப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். குழாயில் எங்காவது டோர் டீ, அதாவது சின்னக் கதவு வைத்த இணைப்பு, வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்தச் சின்னக் கதவைத் திருகித் திறந்தால் உடைக்காமலே வேலை முடியும். கூலியை முதலிலேயே பேசுங்கள், பேரம் பேசாதீர்கள். கை கழுவச் சோப்பும் வெந்நீரும் எடுத்து வைத்துவிட்டு டீ கொடுங்கள்.

6 டிசம்பர், இரவு 7.20

மிக்ஜாம் புயல் போட்ட போட்டில் சென்னைப் புறநகர் முடிச்சூர் பக்கம் இன்னும் தண்ணீர் வடியவில்லை. இரண்டு நாளாக மின்சாரம் இல்லாமல் இப்போதுதான் வந்திருக்கிறது. கோப்பையில் தண்ணீர் ஏறி நிற்கிறது, பிளம்பர் யாரும் வர மறுக்கிறார்கள் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள்.

இது அடைப்பு இல்லை. நிலத்தடி நீரும் தெருத் தண்ணீரும் டேங்கின் மட்டத்துக்கு மேலே இருக்கும்போது உள்ளே இருப்பதற்குப் போக இடமில்லை. பம்ப் போடாதீர்கள், போட்டால் தரை ஜாலி வழியாக வரும். பாலித்தீன் பையில் மணல் நிரப்பி வாயைக் கட்டி, கோப்பை ஓட்டையிலும் ஜாலியிலும் அழுத்தி வையுங்கள். மாடியில் தெரிந்தவர் இருந்தால் அவர்கள் கழிப்பறையும் வேண்டாம், அதுவும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாளியில் கெட்டியான பை விரித்துப் பயன்படுத்துவது கஷ்டம்தான், ஆனாலும் இரண்டு நாளைக்கு அதுதான் வழி. வயதானவர்களுக்கு முதலில் இதை ஏற்பாடு செய்துகொடுங்கள். கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

வடிந்ததும் அவசரப்பட்டு லாரியைக் கூப்பிட வேண்டாம். சுற்றி நிலம் ஊறிக்கிடக்கும்போது டேங்கைக் காலி செய்தால் வெளி அழுத்தத்தில் சுவர் விரிசல் விடலாம். பிளாஸ்டிக் டேங்க் என்றால் மிதந்து மேலே வந்துவிடும். ஒரு வாரம் பொறுங்கள்.

21 ஜனவரி 2024, காலை 8.00

கேள்வி கேட்ட சகோதரி நேற்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் முற்றத்தில் டைல்ஸ் ஒட்டும்போது சேம்பர் மூடியையும் சேர்த்து மூடப் பார்த்தாராம். இவர் நின்று சண்டை போட்டு, மூடியைச் சுற்றித் தனி சட்டம் வைத்து, தூக்குவதற்கு வளையம் இரண்டு வைக்கச் செய்திருக்கிறார்.

அதைப் படித்துவிட்டு எங்கள் வாசலுக்குப் போனேன். எங்கள் மூடியின் மேல் துளசித் தொட்டி இருந்தது. நானும் என் மனைவியும் சேர்ந்து அதைச் சுவரோரம் நகர்த்தி வைத்தோம்.